ஏர் ஃப்ரையரில் டைகாகு இமோ: கிழங்கு காத்திருக்கும், பாகு காத்திருக்காது

சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து, சூடு ஆறுவதற்குள் சர்க்கரைப் பாகில் புரட்டி, மேலே கறுப்பு எள் தூவினால் அதுதான் டைகாகு இமோ, அதாவது பல்கலைக்கழகக் கிழங்கு. ஜப்பானில் இலையுதிர் காலம் வந்துவிட்டால் இது எங்கும் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், பள்ளிக்கூட மதிய உணவில் வரும், வீட்டிலும் செய்வார்கள். டோக்கியோவின் அசகுசா பகுதியில் இதற்கென்றே பேர் வாங்கிய சிபாயா என்ற கடை இருக்கிறது, அங்கே எடைபோட்டுத் தருவார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டும் என்று வாங்கித் தின்றதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. படிப்புச் செலவுக்கு மாணவர்களே செய்து விற்றார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களைத் தயங்க வைப்பது அந்த எண்ணெய்ச் சட்டிதான். அரைக் கிலோ கிழங்குக்காக ஒரு சட்டி எண்ணெய் காய வைக்க யாருக்கும் மனசு வராது, மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பது அடுத்த கவலை. ஏர் ஃப்ரையர் இங்கேதான் கை கொடுக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். அதைவிட முக்கியமாக, இரண்டு வேறு வேறு சூட்டில், நாம் பக்கத்திலேயே நிற்காமல் கிழங்கை வேகவைக்கலாம். பொரித்த கிழங்கின் மொறுமொறுப்பு அப்படியே வருமா என்றால், முழுதாக வராது. ஆனால் பாகு மேலே ஏறிய பிறகு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை, கிழங்கின் இனிப்பும் மணமும் இதில் தூக்கலாகவே இருக்கும்.

முதல் தடவை செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு வேலைகள் உண்டு: கிழங்கு ஒன்று, பாகு ஒன்று. இரண்டும் சூடாக இருக்கும்போது சந்திக்க வேண்டும். கிழங்கு வெந்த பிறகு ஐந்து பத்து நிமிடம் மூடிய மெஷினுக்குள்ளேயே சூடு குறையாமல் இருக்கும், பாகு அரை நிமிடம்கூடக் காத்திருக்காது. ஆகவே கிழங்கு முழுசாக முடியும் தறுவாயில்தான் பாகுக்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஏர் ஃப்ரையரில் போட்டதுமே "அது பாட்டுக்கு வேகட்டும், நாம் பாகு வைப்போம்" என்று ஆரம்பித்தால் பாகு முறுகிப்போய்க் கிடக்கும், கிழங்கு நடுவில் கடக்கென்று இருக்கும்.

எந்தக் கிழங்கு?

ஜப்பானில் கிடைப்பது பெரும்பாலும் வெளியே கருஞ்சிவப்பு, உள்ளே வெளிர் மஞ்சள். அங்கே கிழங்கை வேகும் விதத்தை வைத்தே இரண்டு கட்சியாகப் பிரிப்பார்கள். பெனி அசுமா, நருட்டோ கின்டோகி போன்றவை வெந்ததும் மாவாக உதிரும் ஜாதி. பெனி ஹருகா, அன்னோ இமோ போன்றவை ஈரப்பதம் கூடுதலாக, கையில் ஒட்டுகிற அளவுக்கு இளகிவிடும். டைகாகு இமோவுக்கு மாவு ஜாதிதான் தோது. துண்டு துண்டாக நிற்கும், ஓரம் நன்றாக முறுகும், பாகின் இனிப்புக்கு முன்னால் கிழங்கின் ருசி அடிபடாது. இளகுகிற ஜாதியில் செய்யக்கூடாது என்றில்லை, ஆனால் புரட்டும்போது முனை மழுங்கும், துண்டு உடையும். பழக்கம் வந்த பிறகு அதில் கை வைக்கலாம்.

ஜப்பானியக் கிழங்கு கிடைக்காத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நம் சந்தையில் பொங்கல் சமயத்தில் குவித்து வைத்திருப்பார்களே, தோல் சிவப்பாக, உள்ளே வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும் சீனிக்கிழங்கு, அது சரியாக வரும். இலங்கையில் வத்தாளங்கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள், உள்ளே வெளிறியது எது என்று பார்த்து எடுங்கள். வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்குதான் முதலில் கண்ணில் படும். அது வேண்டாம். தண்ணீர்ச்சத்து அதிகம், மொறுமொறுப்பு பிடிக்காது, பாகும் மேலே நிற்காமல் வழிந்துவிடும்.

கிழங்கு நேராக, நடுத்தர அளவில், தோலில் வெட்டோ துளையோ இல்லாமல் இருக்கட்டும். அழுத்திப் பார்த்தால் கல்லுப் போல இறுகியிருக்க வேண்டும். மண்ணிலிருந்து அன்றே தோண்டியதைவிடச் சில வாரம் வைத்திருந்த கிழங்குதான் இனிக்கும், வைத்திருக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறுவதால். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெப்பமண்டலத்துக் கிழங்கு அது, குளிர் தாங்காது, உள்ளே கறுத்துப்போகும், எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டியாக நிற்கும். காகிதத்தில் சுற்றி வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் போட்டு வைத்தால் போதும்.

இந்தக் கிழங்கு ஜப்பானின் சொந்தக் கிழங்கும் அல்ல. 1605இல் நோகுனி சோகான் என்பவர் சீனாவிலிருந்து ரியூக்யூ தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒகினாவாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து கியூஷூ தீவின் தென்கோடியில் இருந்த சாட்சுமாவுக்குப் போனது. 1732இல் பெரும் பஞ்சம் வந்து நெல் பொய்த்தபோது கிழங்கு பயிரிட்ட பகுதிகள் தாக்குப் பிடித்ததைப் பார்த்த பிறகுதான், 1735இல் ஆவோகி கோன்யோ என்ற அறிஞர் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசு ஆதரவோடு பயிரிட்டுக் காட்டினார். சாட்சுமா இருந்த இடம்தான் இன்றைய ககோஷிமா மாகாணம். எரிமலைச் சாம்பல் கலந்து, தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும் அந்த மண் நெல்லுக்கு ஒத்துவராது, கிழங்குக்கு நன்றாக ஒத்துவரும். இன்றும் அங்கே விளைச்சல் அதிகம், கிழங்குக்கே சாட்சுமா இமோ என்றுதான் பெயர்.

தேவையானவை

4 லிட்டர் கூடை உள்ள ஏர் ஃப்ரையருக்கான அளவு இது. மூன்று நான்கு பேர் சாப்பிடலாம்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கு 500 கிராம்
எண்ணெய் 1 மேசைக்கரண்டி, பாகுக்கும் தட்டுக்கும் தடவக் கொஞ்சம்
சர்க்கரை 75 கிராம், அதாவது 6 மேசைக்கரண்டி
தண்ணீர் 2 மேசைக்கரண்டி
சோயா சாஸ் 1 தேக்கரண்டி
வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி
கறுப்பு எள் 1 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

எண்ணெய் விஷயத்தில் கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் சரி. நல்லெண்ணெய் போட்டால் எள்ளோடு சேர்ந்து மணக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஜப்பானியக் கடைகளில் விற்கும் எள் எண்ணெய் பெரும்பாலும் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டியது, மணம் தூக்கலாக இருக்கும். அதை மட்டும் போட்டால் கிழங்கின் வாசனையை மூடிவிடும், வேறு எண்ணெயில் சில சொட்டு கலந்தால் போதும்.

சோயா சாஸில் ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் டார்க் சோயா என்று விற்பது கெட்டியாக, நிறத்துக்காகச் செய்தது, பாகைக் கருப்பாக்கிவிடும். ஜப்பானியச் சோயா சாஸ் கிடைத்தால் அது, இல்லையென்றால் லைட் சோயா. இனிப்பில் எதற்குச் சோயா என்று தோன்றும். இந்தப் பண்டத்தின் அடையாளமே அந்தச் சின்ன உவர்ப்புதான். அது இல்லாவிட்டால் இரண்டு துண்டு தின்றதுமே திகட்டும்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா? போடலாம். ஒகினாவாவில் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் கோகுடோ என்ற கருப்புச் சர்க்கரை நம் வெல்லத்துக்கு நெருங்கிய சொந்தம்தான், அதைப் போட்டும் இந்தக் கிழங்கைச் செய்கிறார்கள். வெல்லமானால் முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டி மண் போக்கிவிட்டுப் பாகு வையுங்கள். நிறத்தை வைத்துப் பதம் பார்க்க முடியாது, தண்ணீரில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். முதல் தடவைக்கு வெள்ளைச் சர்க்கரையே நல்லது, நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

வெட்டுவது, ஊறவைப்பது, துடைப்பது

கிழங்கைத் தேய்த்துக் கழுவுங்கள். தோலை முழுக்கச் சீவ வேண்டியதில்லை. அங்கங்கே பட்டை பட்டையாகச் சீவிவிட்டு மீதியை விட்டால் பார்க்கவும் அழகு, துண்டும் உடையாது. இரண்டு முனையிலும் உள்ள நார்ப்பகுதியை நறுக்கிப் போட்டுவிடுங்கள். நறுக்கிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடியும், கத்தியில் பட்டால் கறுத்துப் பிசினாக ஒட்டும். தண்ணீருக்கு அது மசியாது, கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

வெட்டும் முறைக்கு ரங்கிரி என்று பெயர். கிழங்கைப் பலகையில் குறுக்காக வைத்து, கத்தியைச் சாய்வாகப் பிடித்து ஒரு துண்டு வெட்டுங்கள். கிழங்கைக் கால் சுற்று உங்கள் பக்கம் உருட்டுங்கள், வெட்டிய முகம் மேலே வரும். அந்த முகத்தின் நடுவிலேயே மறுபடி சாய்வாக வெட்டுங்கள். இப்படியே உருட்டி உருட்டிப் போனால் ஒவ்வொரு துண்டும் ஒழுங்கற்ற முக்கோணமாக, பல முகங்களோடு வரும். பெரிய பக்கம் 3 அல்லது 4 சென்டிமீட்டர் இருக்கட்டும். வடிவம் எப்படியும் இருக்கலாம், அளவு மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னது கருகும்போது பெரியது வேகாமல் நிற்கும்.

சதுரம் சதுரமாக வெட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தட்டையான துண்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். ஏர் ஃப்ரையர் வேலை செய்வதே மேலே உள்ள காயிலின் சூட்டை விசிறி வேகமாகச் சுழற்றி ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் ஓட விடுவதால்தான். ரங்கிரித் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது, இடையில் காற்று போக வழி இருக்கும். மெல்லிய விளிம்பு முறுகும், தடித்த நடுப்பகுதி மெத்தென்று இருக்கும், பாகு பிடிக்கவும் இடம் கூடுதல். ஒரே துண்டில் மூன்று நான்கு விதமான கடி கிடைப்பது இந்த வெட்டால்தான்.

வெட்டிய உடனே துண்டுகளைத் தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடம் போதும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு கரைந்து தண்ணீர் கலங்கும், கிழங்கு கறுக்காமலும் இருக்கும். மணிக்கணக்கில் ஊறவிட வேண்டாம்.

பிறகு வடித்து, பருத்தித் துணியில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகத் துடையுங்கள். இந்த வேலையைத்தான் பலரும் அவசரமாக முடிக்கிறார்கள். ஈரம் இருந்தால் மெஷின் முதலில் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே நேரத்தைச் செலவழிக்கும், கிழங்கு அவிந்த கிழங்காகிவிடும். துணியை விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கிழங்கைத் தொட்டால் தெரியக் கூடாது. துடைத்த பிறகு ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணெயும் உப்பும் சேர்த்துக் கையாலேயே பிசறுங்கள். எல்லா முகத்திலும் மெல்லிசாக எண்ணெய் பட்டிருந்தால் சரி.

இரண்டு சூடு

மெஷினை முன்கூட்டிச் சூடாக்க வேண்டாம். குளிர்ந்த கூடையிலேயே துண்டுகளைப் பரப்புங்கள், முடிந்தவரை ஒரே அடுக்காக. 160 டிகிரியில் 14 நிமிடம் வையுங்கள். ஏழாவது நிமிடத்தில் கூடையை வெளியே இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிடுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே 200 டிகிரி வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். கிழங்கின் இனிப்பு வேகும்போதுதான் உண்டாகிறது. அதற்குள் பீட்டா அமைலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. சூடு 65, 70 டிகிரியைத் தொடும்போது மாவுச்சத்து இளகும், இளகிய மாவுச்சத்தை இந்த நொதி உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும். 80 டிகிரியைத் தாண்டிப் போகும்போது நொதி செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கின் உள்பகுதி அந்த இடைப்பட்ட சூட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இனிக்கும். ஜப்பானில் சுட்ட கூழாங்கற்களுக்குள் புதைத்து மெதுவாக வாட்டும் இஷியாகி இமோ தேனாக இனிப்பதற்கும், அதே கிழங்கை மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் வேகவைத்தால் சப்பென்று இருப்பதற்கும் காரணம் இதுதான். நம் துண்டுகள் சின்னவை, அதனால் முழுக் கிழங்கு அளவுக்குப் பலன் வராது. ஆனாலும் குளிர்ந்த மெஷினில் வைத்து மெதுவாக ஏற்றினால் வித்தியாசம் நாக்கில் தெரியும். நேரம் இருக்கிறவர்கள் முதலில் 120 டிகிரியில் பத்து நிமிடம், பிறகு 160இல் பத்து நிமிடம் என்று வைத்துப் பாருங்கள்.

14 நிமிடம் ஆனதும் இருப்பதிலேயே பெரிய துண்டைக் குச்சியால் குத்துங்கள். தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் இன்னும் மூன்று நிமிடம் அதே சூட்டில். நடுப்பகுதி வேகாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது, மேலே முறுகிய பிறகு உள்ளே வேகவைப்பது கஷ்டம்.

வெந்ததும் சூட்டை 200க்கு ஏற்றி 5 முதல் 7 நிமிடம். இப்போது பக்கத்தில் இருங்கள். நான்காவது நிமிடத்தில் ஒருமுறை குலுக்குங்கள். மெல்லிய விளிம்புகள் முதலில் பழுப்பாகும், பிறகு வெட்டு முகங்களில் தங்க நிறமாகத் திட்டுத் திட்டாகப் பரவும். துண்டுகளைக் குலுக்கும்போது வரும் சத்தமும் மாறும், முதலில் தொப் தொப் என்று விழுந்தவை இப்போது கூடையில் பட்டுக் கலகலக்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் மேல்தோல் தயார். மெஷினை நிறுத்திவிட்டுக் கூடையை உள்ளேயே விடுங்கள்.

ஏர் ஃப்ரையர் நிறைய மின்சாரம் இழுக்கும் சாதனம் என்பதால், பல சாமான்கள் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல் சுவரிலேயே செருகுங்கள்.

பாகு

200 டிகிரி கட்டம் ஆரம்பிக்கும்போதே பாகுக்கான சாமான்களை அடுப்புப் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள். எள்ளை வெறும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, படபடவென்று பொரிந்ததும் தனியே எடுத்து வையுங்கள். கடையில் வாங்கிய எள்ளில் மண் இருக்கும், முன்பே கழுவிக் காய வைத்திருந்தால் நல்லது. ஒரு பெரிய தட்டில் எண்ணெய் தடவி வையுங்கள், அல்லது பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள். பாகு பதத்துக்கு வந்த பிறகு தட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. குழந்தைகளை அடுப்படியிலிருந்து அனுப்பிவிடுங்கள். கொதிக்கும் பாகு தண்ணீரைவிடச் சூடு அதிகம், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உதற முடியாது. விரலால் தொட்டு ருசி பார்க்கும் பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அகலமான, அடி கனமான வாணலி வேண்டும். எல்லாத் துண்டும் உருண்டு புரள இடம் இருக்க வேண்டும். கறுப்பு நான்ஸ்டிக்கைவிட உள்ளே வெளிர் நிறமாக இருக்கும் பாத்திரம் தோது, பாகின் நிறம் தெரியும். சர்க்கரை, தண்ணீர், வினிகர், சோயா சாஸ், கூடவே அரைத் தேக்கரண்டி எண்ணெய், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கரைந்து கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிளறினால் சர்க்கரை மறுபடி மணல் மணலாகக் கட்டிக்கொள்ளும். வேண்டுமானால் வாணலியைப் பிடித்து லேசாகச் சுழற்றலாம். வினிகர் சேர்ப்பதும் இதற்காகத்தான். அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும், இப்படிப் பல சர்க்கரைகள் கலந்த பாகு சுலபத்தில் படிகமாகாது. ஜப்பானில் மிசுஅமே என்ற மாவுச்சத்துப் பாகைச் சேர்ப்பார்கள், அதற்கும் இதே வேலைதான். வீட்டில் தேன் இருந்தால் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி குறைத்துத் தேன் சேருங்கள்.

இனி கண் முழுக்கக் குமிழ்களில் இருக்கட்டும். முதலில் பெரிய பெரிய குமிழ்கள் சட்டுச் சட்டென்று உடையும், அது தண்ணீர் போகும் கட்டம். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழ்கள் சின்னதாகி, நெருக்கமாகி, உடையச் சோம்பல்படும். மேலே ஒரு பளபளப்பு வரும். வாணலியைச் சாய்த்தால் பாகு ஓடாமல் நகரும். இப்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, பத்து வினாடி கழித்து விரலால் தொட்டுப் பிரித்தால் கம்பி இழுக்கும். இதுதான் கம்பிப் பதம், சுமார் 110 டிகிரி. அதிரசத்துக்கும் எள்ளுருண்டைக்கும் பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இங்கே தெர்மாமீட்டர் தேவையே இல்லை.

இங்கே நிறுத்தினால் பாகு பளபளவென்று பிசுபிசுப்பாகக் கிழங்கின் மேல் ஒட்டியிருக்கும். ஜப்பானில் பரவலாக விற்பது இந்த வகைதான், முதல் தடவைக்கு இதையே செய்யுங்கள்.

இன்னொரு வகையில் பாகு இறுகி, கடித்தால் கடக்கென்று உடையும். அதற்குச் சோயா சாஸ் போடாமல் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், ஏனென்றால் அந்தச் சூட்டில் சோயா கருகிக் கசக்கும். கம்பிப் பதத்தைத் தாண்டி இன்னும் ஒன்றிரண்டு நிமிடம், ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் உடனே இறுகி, எடுத்து ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். 150 டிகிரி வாக்கில் வரும். நிறம் வெளிர் தேன் நிறம். இதற்கு மேல் போனால் கசப்பை நோக்கிப் போகும், வினாடிக் கணக்கில் போகும். சீனாவின் வடபகுதியில் செய்யும் பாஸி திகுவா இந்த வகையின் உறவு. அதில் பாகு ஆறுவதற்கு முன்பே மேஜைக்குக் கொண்டுவருவார்கள், ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் நூல் நூலாக இழுபடும், பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரில் முக்கிச் சாப்பிடுவார்கள்.

புரட்டுவது

பதம் வந்ததும் தீயை முழுக்கக் குறைத்துவிட்டு, ஏர் ஃப்ரையர் கூடையை எடுத்து, கிழங்கைச் சூட்டோடு வாணலியில் கொட்டுங்கள். கிழங்கு ஆறியிருந்தால் பாகு பட்ட இடத்திலேயே இறுகி ஒரு பக்கம் மட்டும் கட்டியாக ஒட்டும், ஆகவே சந்தேகமாக இருந்தால் கொட்டுவதற்கு முன் மெஷினை 180 டிகிரியில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

இரண்டு அகலமான கரண்டிகளால் அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். எட்டுப் பத்து தடவை தூக்கிப் போட்டால் எல்லா முகத்திலும் பாகு ஏறிவிடும். கடைசி இரண்டு தடவைக்கு முன் எள்ளைத் தூவுங்கள், பாகு ஈரமாக இருக்கும்போதே எள் ஒட்டும். அழகாக வரட்டும் என்று மேலும் மேலும் புரட்டிக்கொண்டிருந்தால் பாகு பூத்து வெள்ளையாகிவிடும். சட்டென்று நிறுத்திவிட்டு, எண்ணெய் தடவிய தட்டில் துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பிரித்து வையுங்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் உள்ளே கிழங்கு நன்றாகச் சூடாக இருக்கும், அவசரப்பட்டு வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

வாணலியில் செய்யும் இந்த வேலையை மெஷினுக்குள்ளேயே முடித்துவிடலாமே, சர்க்கரையைக் கிழங்கின் மேல் தூவி ஏர் ஃப்ரையரில் வைத்தால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். சர்க்கரை உருகிக் கூடையின் துளை வழியாகக் கீழே போய்க் கருகும், புகையும், கூடையின் பூச்சு கெடும், கிழங்கின் மேல் ஒன்றும் தங்காது. பாகுக்கு வாணலிதான்.

சரியாக வராவிட்டால்

பாகு மணலாகக் கட்டிவிட்டால் கிழங்கு சேர்ப்பதற்கு முன்பாக இருந்தால் கவலையில்லை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மறுபடி கரைத்துக் காய்ச்சுங்கள். கிழங்கு சேர்த்த பிறகு பூத்துவிட்டால் அப்படியே விடுங்கள். மேலே சர்க்கரை பூத்த கிழங்கும் ருசியானதுதான். தட்டில் வைத்த பிறகு பாகு வழிந்து கீழே குளமாக நின்றால் பதம் போதவில்லை என்று அர்த்தம், அடுத்த தடவை இன்னும் அரை நிமிடம் விடுங்கள். பல்லில் ஒட்டி இழுத்தால் இரண்டு வகைக்கும் நடுவில் நிறுத்திவிட்டீர்கள். கம்பிப் பதத்தோடு நிறுத்த வேண்டும், அல்லது ஒடியும்வரை போக வேண்டும், இடையில் நின்றால் கடைவாயில் அப்பிக்கொள்ளும். கிழங்கு முறுகாமல் தொளதொளவென்று இருந்தால் ஒன்று ஈரம் துடைக்கவில்லை, அல்லது கூடையில் அளவுக்கு மீறி நிரப்பிவிட்டீர்கள். ஒரு கிலோ செய்ய வேண்டுமென்றால் இரண்டு ஈடாக வேகவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து 200 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டு ஒரே பாகில் புரட்டுங்கள்.

கை பழகிய பிறகு இதே முறையில் கிழங்கைத் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக நீள நீளமாக நறுக்கி, நன்றாக மொறுமொறுவென்று வரும்வரை வைத்து, ஒடியும் பதப் பாகில் புரட்டினால் ஷிகோகு தீவின் கோச்சி மாகாணத்தில் பேர்பெற்ற இமோ கெம்பிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். ஆனால் அது வேறு வேலை, துண்டு மெல்லிசாக இருப்பதால் கருகுவதற்கு நேரமே ஆகாது.

பாகு படிந்த வாணலியைச் சுரண்டாதீர்கள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் எல்லாம் கரைந்துவிடும். கரண்டிகளையும் அதிலேயே போட்டுவிடலாம்.

செய்த அன்றே சாப்பிடுவதுதான் ருசி. ஒடியும் பாகு வகை ஈரக்காற்றில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கும், அதை வைக்கவே வேண்டாம். பிசுபிசுப்பு வகையை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஃப்ரீஸரிலும் வைக்கலாம், ஜப்பானில் டைகாகு இமோ உறையவைத்த பாக்கெட்டிலேயே விற்பனைக்கு வருகிறது. தட்டில் பிரித்து வைத்து உறைந்த பிறகு பையில் போட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. எடுத்ததும் சூடாக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பாதி உறைந்த நிலையில் தின்று பாருங்கள், வெயில் நாளில் அது தனி ருசி.